மூன்று முறை வடிகட்டிய கூழ்

மாசிலாமணிக்கு முதலில் கெடுதல் செய்தது அவிநாசியப்பன்தான். அதற்கப்புறம் சேர்ந்தவர்கள் பலர். மகன் பூபதி, மருமகள் கோகிலவாணி, அன்றைக்குக் கோயிலில் இன்னொரு தடவை சிரிங்க என்று சொல்லிக்கொண்டிருந்த போட்டோக்காரன் வரைக்கும் மாசிலாமணி தன் மனக்கணக்கில் ஒருத்தரையும் விடவில்லை. ஆனால் வரிசையில் முதல் ஆள் சம்பந்திதான், கோகிலவாணியைப் பெற்றவர், கோபியில் பெரிய வீடு கட்டிக்கொண்டு ஓய்வாக இருப்பவர், ஒவ்வொரு வார்த்தைக்கும் கீழே கையெழுத்துப் போடுகிற மாதிரி நிறுத்தி நிறுத்திப் பேசுகிறவர். குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்து முதல் சோறு ஊட்டக் குலதெய்வக் கோயிலுக்குப் போயிருந்தார்கள். மாசிலாமணியின் வகையறாவில் அப்பனைப் பெற்ற அப்பாருதான் பிள்ளையை மடியில் வைத்து முதல் வாய் கொடுக்க வேண்டும்; கோயில் கிணற்றில் தானே தண்ணீர் சேந்திக் கை கழுவி, துடைக்காமல், அந்த ஈரத்தோடு கொடுக்க வேண்டும். அதற்காகவே அவர் காங்கேயத்துக்குப் போய், தான் முப்பத்தி நாலு வருஷம் நெல் அவித்த மில்லில் சொல்லி வைத்து நல்ல நெல்லாகப் பார்த்து வாங்கி, தன் கையாலேயே ஊறப்போட்டு, அவித்து, காயவைத்து, அதிகம் தீட்டாமல் அரிசியாக்கிக் கொண்டு வந்திருந்தார். குழைய வெந்த சோறு இலையில் ஆறிக்கொண்டிருந்தது. கிணறு கோயிலுக்குப் பின்னால். கயிறு புதுக் கயிறு, கையை அறுத்தது, வாளி ஒரு பக்கமாகச் சாய்ந்து பாதித் தண்ணீர்தான் வந்தது, இரண்டாம் தடவை சேந்தினார். திரும்பி வந்தபோது குழந்தை அவிநாசியப்பனின் மடியில் இருந்தது. உதட்டில் சர்க்கரைப் பொங்கல். பிரசாதத் தொன்னையிலிருந்து எடுத்தது. "நல்ல நேரம் போயிட்டே இருந்துதுங்க சம்மந்தி, ஆராச்சும் ஒருத்தர் குடுக்கோணுமே" என்றார். மாசிலாமணியின் இரண்டு கையிலிருந்தும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் அதை வேட்டியில் துடைக்கவில்லை. தானாகக் காயும்வரை நின்றார். காய்வதற்குள் யாராவது சொல்வார்கள் என்று நினைத்தார், தப்பாப் போச்சுங்க என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான். வெயில் நாள். சீக்கிரம் காய்ந்துவிட்டது. அது நடந்து இரண்டு மாதம் ஆகிறது.

இன்றைக்கு வியாழக்கிழமை, மணி எட்டரை. சரவணம்பட்டியில் ஆறாவது மாடி. பூபதி ஆறு மணி ஷிப்டுக்குப் போய்விட்டான். கோகிலவாணி திங்கட்கிழமையிலிருந்து மறுபடி ஆபீஸ் போகிறாள், எட்டு மணிக்குக் கிளம்பும்போது கதவு வரைக்கும் போய்த் திரும்பி வந்து குழந்தையின் காலை முத்தமிட்டுவிட்டு மாசிலாமணியைப் பார்க்காமலேயே சொன்னாள், "மூணு நாளா காத்தால ஒரு வாய்கூட இறங்கலீங்க மாமா. பாலை மட்டும் குடிச்சுட்டு எத்தன நாளைக்கு இருப்பா. நாளைக்கு அப்பா வர்றாங்க. இன்னைக்கும் சாப்பிடலீனா ஒரு வயசு வரைக்கும் கோபியில இருக்கட்டும், அம்மா பாத்துக்குவாங்க." நாளைக்கு அப்பா வர்றாங்க. அப்படியென்றால் அவிநாசியப்பன் முதல் வாயை எடுத்தது போதாமல் மிச்ச வாயையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு போக வருகிறார். நாலு மாதம். நாலு மாதத்தில் இந்தப் பிள்ளை உட்காருவதை விட்டு நிற்கும், நிற்பதை விட்டு நடக்கும், கோபி வீட்டுப் பெரிய முற்றத்தில் நடக்கும், திரும்பி வரும்போது இந்தக் கிழவன் யார் என்று பார்க்கும். ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அவருக்காகவே கோகிலவாணி பெரிய எழுத்தில் எழுதியது. அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர் என்றாலும் அவருக்குப் படிக்க வரும், விரலை வைத்துக்கொண்டு படித்தால் நன்றாகவே வரும். காலை எட்டரை, ராகிக் கூழ். முளை கட்டின ராகி, அரைத்து, பால் எடுத்து. இல்லையென்றால் வாழைப்பழம் மசித்தது. இல்லையென்றால் ஆப்பிளோ சர்க்கரைவள்ளியோ ஆவியில் வேகவைத்து. இல்லையென்றால் அரிசியும் பாசிப்பருப்பும் குழைய. புதிதாக ஒன்று கொடுத்தால் மூன்று நாள் அதையே கொடு, உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா பார். அதற்குக் கீழே கோடு போட்டு, உப்பு கூடாது, சர்க்கரை கூடாது, தேன் கூடாது, ஒரு வயது வரை. சர்க்கரை கூடாது என்ற இடத்தில் அவர் விரல் கொஞ்ச நேரம் நின்றது. அப்படியானால் சர்க்கரைப் பொங்கல்? அதை எழுதினவள் கோயிலில் பக்கத்தில்தான் நின்றாள். அவள் அப்பன் கொடுத்தால் சர்க்கரை இனிக்காது போலிருக்கிறது.

கூழை அவர் விடியும் முன்பே காய்ச்சி இறக்கிவிட்டார். ராகியை ஊறப்போட்டு, துணியில் கட்டி, முளை வந்ததைப் பிரித்துப் பார்ப்பது அவருக்குப் பிடித்திருந்தது. மில் நினைவு வந்தது, தொட்டியில் ஊறின நெல்லின் புளிச்ச வாடை, ஒரு நெல்லைக் கடித்து இரண்டாக்கி நடுவில் வெள்ளை இருக்கிறதா என்று பார்ப்பது, வெள்ளைப் புள்ளி இருந்தால் இன்னும் கால் மணி நேரம் ஆவி விடுவது. ராகியில் கடித்துப் பார்க்க ஒன்றுமில்லை, கடுகு அளவுதான். அரைத்தார், வெள்ளைத் துணியில் பிழிந்தார். பிழிந்ததை இன்னொரு தடவை வடிகட்டினார். அப்புறம் மூன்றாவது தடவை. இரண்டு விரலுக்கிடையே தேய்த்தால் ஒரு மணல்கூடத் தட்டுப்படக் கூடாது, அப்போதுதான் அவருக்கு நிம்மதி. அடுப்பில் கிண்டிக்கொண்டே இருந்தால் அது கூழாகிப் பளபளவென்று, போஸ்டர் ஒட்டுகிற பசை மாதிரி வருகிறது. இப்போது கிண்ணத்தில் அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது ஒரு நினைப்பு வந்தது, மூன்று நாளாக வராத நினைப்பு. இது என்ன ருசியாக இருக்கும்? ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தார். ஒன்றுமில்லை. உப்பில்லை, இனிப்பில்லை, நாக்கில் பட்டதும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. கொஞ்சம் ஈர மண் வாசம் மாதிரி கடைசியில். இன்னொரு கரண்டி வைத்துக்கொண்டு விழுங்காமல் நிறுத்தினார். எப்படி விழுங்குகிறேன்? நாக்கு முதலில் மேலே போகிறதா, பின்னால் போகிறதா? யோசித்தவுடன் விழுங்க வரவில்லை. அறுபத்தி நாலு வருஷமாக ஒரு நாளைக்கு மூன்று வேளை, டீ தனி, விழுங்கிக்கொண்டே இருந்திருக்கிறார், நினைத்துப் பார்த்தால் அது எப்படி என்று தெரியவில்லை. தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டது மாதிரி வாயில் எச்சில் ஊறியது. நாக்கின் நுனி பல்லுக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொள்கிறது, நடு நாக்கு எழும்புகிறது, அப்புறம் எங்கேயோ ஒரு கதவு. கழுத்தில் கை வைத்துப் பார்த்தார். அங்கே ஒரு கொட்டை மேலே போய்க் கீழே வந்தது. யார் கற்றுக்கொடுத்தார்கள் இதை? நெல் அவிக்க மில்லில் மூத்தவரான நாச்சிமுத்து கற்றுக்கொடுத்தார், அடித்து அடித்துக் கற்றுக்கொடுத்தார், அந்த நாச்சிமுத்துவே பின்னால் மேஸ்திரி வேலையைத் தன் மச்சினனுக்கு வாங்கிக் கொடுத்தார், அது வேறு. விழுங்கக் கற்றுக்கொடுத்தவர் ஒருத்தரும் நினைவில் இல்லை.

குழந்தை தாரகை உயர நாற்காலியில் இருந்தாள். முன்னால் ஒரு சின்னப் பலகை. இடுப்பில் வார். மேலே மின்விசிறியைப் பார்த்து என்னமோ சொல்லிக்கொண்டிருந்தாள். "அம்மிணி" என்றார். திரும்பினாள். கரண்டியைக் கொண்டுபோனார். வாய் திறந்தது, அதுதான் இந்த மூன்று நாளாக அவரை ஏமாற்றுகிறது, வாய் நன்றாகத் திறக்கும், கரண்டி உள்ளே போகும், கூழ் போகும், அடுத்த கணம் நாக்கு முன்னால் வந்து அத்தனையையும் வெளியே தள்ளும். தாடையில் வழியும். அவர் வழித்து மறுபடி உள்ளே விடுவார், மறுபடி நாக்கு வரும். துப்புகிறாள் என்றுதான் திங்கட்கிழமை நினைத்தார். செவ்வாய்க்கிழமை, என் கை பிடிக்கவில்லை என்று நினைத்தார். நேற்று, இதை இவளுக்கு யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள் என்றுகூட நினைத்தார், கோபியிலிருந்து தினமும் சாயங்காலம் வீடியோவில் வந்து தன்னையே காட்டி அப்பச்சி பாரு, அப்பச்சி பாரு என்று ஒரு மணி நேரம் கொஞ்சுகிற ஆளை நினைத்துக்கொண்டு. எட்டு மாதக் குழந்தைக்கு அதெல்லாம் சொல்லிக் கொடுக்க முடியாது என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் நினைத்தார். இன்றைக்கு, தன் நாக்கை இப்போதுதான் கவனித்து வைத்திருந்ததால், அவள் நாக்கைக் கிட்டப்போய்ப் பார்த்தார். மூக்கும் மூக்கும் இடிக்கிற அளவுக்குக் கிட்டப்போனார். அந்த நாக்கு கோபத்தில் தள்ளவில்லை. அது சப்புகிறது. முன்னால் வருகிறது, பின்னால் போகிறது, முன்னால் வருகிறது. பால் குடிக்கிறபோது எப்படியோ அப்படியே. பிறந்ததிலிருந்து அதற்குத் தெரிந்த ஒரே வேலை அது. எது வந்தாலும் அந்த வேலையைச் செய்கிறது, பால் என்றால் உள்ளே வரும், கூழ் என்றால் வெளியே போய்விடும். மாசிலாமணி கரண்டியைப் பலகையில் வைத்தார். மூன்று நாளாக இவள்மேல் வைத்திருந்த வருத்தத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. வரிசையில் எட்டு மாதக் குழந்தையைச் சேர்த்திருந்தார் என்பது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. அவள் கரண்டியை எடுத்துப் பலகைக்கு வெளியே நீட்டி, விட்டாள். டணார் என்று விழுந்தது. குனிந்து பார்த்தாள். எடுத்துக் கொடுத்தார். மறுபடி விட்டாள். மறுபடி குனிந்து பார்த்தாள், இந்தத் தடவையும் கீழேதான் போகிறதா என்று பார்க்கிற மாதிரி. நாலாவது தடவை அவரே கரண்டியை எடுத்து விட்டுப் பார்த்தார். கீழேதான் போனது.

மணி ஒன்பதாகப் போகிறது. கூழ் ஆறித் தோல் படிந்துவிட்டது. வாழைப்பழத்தை மசித்தார், அதையும் கரண்டியின் பின்புறத்தால் அழுத்தி அழுத்தி, கருப்பு விதை மாதிரி நடுவில் இருக்கிற புள்ளிகளையெல்லாம் எடுத்துவிட்டு. ஏன் இப்படி எடுக்கிறேன் என்று கேட்டுக்கொண்டார். கைக்குத் தெரியும். மாரப்பன் என்று பாய்லரில் உமி தள்ளுகிறவன் ஒருத்தன் மில்லில் இருந்தான். அவன் பையனுக்கு ஒன்றரை வயது. நிலக்கடலை காயப்போட்டிருந்த களத்தில் உட்கார்ந்திருந்தது. ஒரு பருப்பு. மாரப்பன் பையனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தபோது மாசிலாமணி தொட்டியடியில் நின்றிருந்தார், பையனின் உதடு நாவற்பழம் தின்ற நிறத்தில் இருந்தது, மில் லாரி வெளியே போயிருந்தது, ஆளுக்கொரு பக்கம் முதுகில் தட்டினார்கள், தலைகீழாகப் பிடித்தார்கள். அந்தப் பருப்பு எங்கே இருந்தது என்று கடைசிவரைக்கும் யாருக்கும் தெரியவில்லை. அதிலிருந்து அவர் வீட்டில் நிலக்கடலை வாங்குவதில்லை. பூபதி அப்போது பிறக்கவே இல்லை. பூபதி பிறந்தபோது அவர் மனைவி சின்னம்மணி எல்லாவற்றையும் பிசைந்து, கீழ் உதட்டில் தொட்டுச் சூடு பார்த்து, ஊட்டுவாள். உதட்டில்தான் தொடுவாள், விரலில் பார்க்க மாட்டாள், விரல் அடுப்பு வேலை செய்து காய்த்துப்போனது, அதை நம்பக் கூடாது என்பாள். ஒரு நாள் அவர் ராத்திரி ஷிப்டு முடிந்து உடம்பெல்லாம் கரியோடு வந்து நின்றார். "ரெண்டு கொடம் தண்ணி எடுத்துட்டு வந்தர்றேனுங்க, நீங்க பையனுக்கு இந்த நாலு வாய் ஊட்டியுடுங்க" என்று கிண்ணத்தை நீட்டினாள். அவர் கிண்ணத்தை வாங்கவில்லை. அதுக்குத்தான் பொம்பளை இருக்கறது என்றாரா, நான் என்ன ஆயாவா என்றாரா, என்னமோ ஒன்று சொன்னார். சொன்னது நினைவில்லை, அவள் நீட்டின கை அந்தரத்தில் கொஞ்ச நேரம் நின்றது நினைவிருக்கிறது. அதற்குள் குழாயில் தண்ணீர் நின்றுபோனது என்று அன்றைக்கு முழுக்கச் சண்டை. தண்ணீர் நின்றதற்கு அவர் என்ன செய்வார். அதுவும் அந்த வார்டில் குழாய் போட்டவர்கள் செய்த வேலை. சின்னம்மணி போய் ஆறு வருஷம். அவள் ஒன்றும் பாக்கி வைக்காமல் போய்விட்டாள். அவரிடம் எதையும் கேட்டு வாங்கிக்கொள்ளவும் இல்லை.

தாரகை வாழைப்பழத்தையும் அதே மாதிரி வெளியே தள்ளினாள். தாடையில், கழுத்தில், கழுத்து மடிப்பில். ஆனால் முகத்தைச் சுளிக்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், இன்னும் என்னென்ன வைத்திருக்கிறாய் என்று கேட்கிற மாதிரி. சர்க்கரைவள்ளி வேகவைக்கலாமா என்று எழுந்தவருக்குத் தலையைச் சுற்றியது. காலையிலிருந்து அந்த இரண்டு கரண்டிக் கூழைத் தவிர அவர் ஒன்றும் சாப்பிடவில்லை. கோகிலவாணி மூடி வைத்துவிட்டுப் போன இட்லி இருந்தது. தட்டில் மூன்றை வைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டுக் குழந்தைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். தொட்டுக்கொள்ள எடுத்து வைத்த சட்னியைத் தள்ளி வைத்தார், வாசம் காரமாக இருந்தது. பசியில் ஒரு இட்லியை இரண்டு வாயில் முடித்தார். மெல்லும்போது கவனித்தார், அவள் வாயும் அசைந்தது. அவர் நிறுத்தினால் அவளும் நிறுத்தினாள். கன்னத்தை இந்தப் பக்கம் உப்பினார். அவள் உதட்டைக் குவித்தாள். என்ன பார்க்கிறாள்? என் வாயை. மூன்று நாளாக அவர்தான் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவள் எதைப் பார்த்துக் கற்றுக்கொள்வாள், கரண்டியையா? கரண்டி மெல்லாது. வேண்டுமென்றே மெதுவாக, வாயைத் திறந்து திறந்து, மாடு அசைபோடுகிற மாதிரி மென்று காட்டினார். கோகிலவாணி பார்த்தால் சிரிப்பாள். பூபதி பார்த்தால் வாயை மூடிச் சாப்பிடுங்கப்பா என்பான். பெண் பார்க்கப் போன இடத்தில் அப்படித்தான் சொன்னான், அவிநாசியப்பனுக்கு முன்னால் வைத்து, அதுவும் மறக்கவில்லை. அந்த நினைப்பில் ஒரு கணம் கண் வேறெங்கோ போனது. அந்த ஒரு கணம் போதுமாக இருந்தது. பலகைக்கும் தட்டுக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை. திரும்பியபோது அவள் கை இட்லிக்குள் இருந்தது, ஐந்து விரலும் புதைந்து, பிடுங்கின துண்டு விரல் இடுக்கிலெல்லாம் பிதுங்கி, வாய்க்குப் பாதி தூரம் போயிருந்தது. "வேண்டாஞ் சாமி" என்றார். கையைப் பிடிக்கப் போனார். அவர் கை போய்ச் சேர்வதற்குள் அவள் கை போய்ச் சேர்ந்துவிட்டது. வாயில் இட்லி. பல் என்று கீழே இரண்டு அரிசி. உப்பு போட்ட மாவு, வடிகட்டாதது, மசிக்காதது. அவள் சப்பினாள். துண்டு பின்னால் போயிற்று. கண் பெரிதாகியது. க்ளக் என்று ஒரு சத்தம்.

மாசிலாமணியின் காதுக்குள் மில் சங்கு ஊதியது. வாரை அவிழ்க்க வேண்டும், வார் எங்கே அவிழ்கிறது, சிவப்புப் பொத்தானா கருப்பா, காலையில் நான்தானே மாட்டினேன், உதட்டைப் பார், உதடு என்ன நிறம், சிவப்பு, இன்னும் சிவப்புதான், நாவற்பழ நிறம் இல்லை. தூக்கித் தலைகீழாகப் பிடிக்க வேண்டுமா, முதுகில் தட்ட வேண்டுமா, ஆறாவது மாடி, லிஃப்டு நேற்று ஓடவில்லை. க்ளக் என்று இன்னொரு தடவை. அவள் முகம் சிவந்து, கண்ணில் நீர் கட்டி, தலை முன்னால் வந்து, நாக்கு, மூன்று நாளாக அவரைத் தோற்கடித்த அந்த நாக்கு, உள்ளே இருந்த துண்டை முன்னால் தள்ளிக்கொண்டு வந்து உதட்டில் நிறுத்தியது. வெளியே விழவில்லை. உதட்டில் நிறுத்தி ஒரு கணம் யோசித்தது மாதிரி இருந்தது. அவர் ஒரு கை வாரிலும் ஒரு கை அந்தரத்திலுமாக நின்றார். மூச்சு விடுகிறாள். மூக்கு விரிந்து சுருங்குகிறது. அந்தத் துண்டு இப்போது கன்னத்துப் பக்கம் போயிற்று. ஈறால் அழுத்தினாள். இன்னொரு தடவை அழுத்தினாள். தாடை மேலும் கீழும் மட்டும் போகாமல் கொஞ்சம் சாய்ந்தும் போனது. அப்புறம் கழுத்தில், அந்த மடிப்புக்கு அடியில், ஏதோ ஒன்று மேலே போய்க் கீழே வந்தது. வாயைத் திறந்தாள். உள்ளே ஒன்றுமில்லை. மாசிலாமணி உட்கார்ந்துவிட்டார். அவள் அடுத்த துண்டைப் பிடுங்கிவிட்டாள். தட்டைத் தள்ளி வைக்கலாம் என்று கை போயிற்று, ஆனால் தள்ளவில்லை. வேண்டுமென்றால் தடுக்கலாம், தடுத்தால் இன்றைக்கும் ஒன்றும் இறங்கவில்லை என்றாகும், விட்டால் மாரப்பனின் பையன். இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு அவள் கழுத்தை மட்டும் பார்த்தார். இரண்டாவதுக்கு அந்தச் சத்தம் வரவில்லை. மூன்றாவதுக்கு ஒரு சின்ன இருமல். அதற்கும் அவளே வழி செய்துகொண்டாள். நெல்லில் ஊற வேண்டியது ஊறாமல் என்னதான் ஆவி விட்டாலும் நடு வெள்ளை போகாது. இவளுக்கு எது ஊற வேண்டியிருந்ததோ அது ஊறிவிட்டது, நான் ஊறவில்லை என்று வடிகட்டிக்கொண்டிருந்தேன் என்று நினைத்தார். இது யார் தப்பு என்று பார்த்தார். வழக்கமாக உடனே ஒரு பெயர் வரும். வரவில்லை.

பத்து மணிக்குப் போன் அடித்தது. வீடியோ. மேல் பாதியில் கோகிலவாணி, ஆபீஸ் கேன்டீனில். கீழ் பாதியில் அவிநாசியப்பன், நெற்றி மட்டும் தெரிகிற மாதிரி போனைப் பிடித்துக்கொண்டு. "மாமா, ஏதாச்சும் இறங்குச்சுங்களா?" என்றாள். அவர் போனைச் சாய்த்துப் பிடித்து, தன்னோடு குழந்தையும் தெரிகிற மாதிரி காட்டினார். முகமெல்லாம் வெள்ளை. புருவத்தில் ஒரு துண்டு.

"என்னங்க அது, இட்லியா?"

"இட்லிதான். நான் திங்கற தட்டுல இருந்து எடுத்துட்டா. அரை இட்லி உள்ள போயிருக்கும்."

"அதுல உப்பு இருக்குதுங்களே மாமா."

"இருக்குது. நான் குடுக்குல. அவளே எடுத்துட்டா."

கீழ் பாதியிலிருந்து நெற்றி பேசியது. "சம்மந்தி, தொண்டையில சிக்கிக்கலீங்களா? அது சின்னப் புள்ளைங்க."

இல்லை என்று சொல்லிவிடலாம். பார்த்தவர் யாருமில்லை. இல்லை என்றால் அதோடு போயிற்று, ஆமாம் என்றால் அதை வைத்துக்கொண்டே நாளைக்குப் பிள்ளையைத் தூக்கிப் போவார். மாசிலாமணி ஒரு கணம் அந்த இரண்டு வார்த்தையையும் வாயில் வைத்துப் பார்த்தார். "சிக்குச்சுங்க" என்றார். "ஒரு தடவ. அவளே முன்னால கொண்டாந்து மென்னு முழுங்கிட்டா. நான் பக்கத்துலயேதான் இருக்கறேன், நகரவே இல்ல."

"பாத்தியா கண்ணு, இதுக்குத்தான் நான் சொன்னது" என்று ஆரம்பித்தார் அவிநாசியப்பன். "அம்மாகிட்ட இருந்தா அம்மா நல்லா மசிச்சு..."

"அப்பா, கொஞ்சம் பேசாம இருங்க" என்றாள் கோகிலவாணி. அவள் முகம் போனுக்குக் கிட்டே வந்தது, மூக்கும் கண்ணும் மட்டும் தெரிகிற அளவுக்கு. திரையில் தாரகை ஒரு துண்டை எடுத்தாள், தவறவிட்டாள், பலகையில் தேடி எடுத்தாள், வாயில் வைத்தாள், கன்னத்துக்குத் தள்ளினாள். "மெல்லறா பாருங்கப்பா" என்றாள் கோகிலவாணி. "எப்பங்க மாமா இப்படி மெல்லக் கத்துக்கிட்டா?"

"இப்பத்தான். ஒன்பது மணிக்கு மேல."

"கூழ் என்னாச்சுங்க?"

"கூழ் இருக்குது. நான்தான் குடிக்கோணும். உனக்கு வேணும்னா வெச்சிருக்கறேன், ஒட்டற வேலை ஏதாச்சும் இருந்தா எடுத்துக்க."

அவள் சிரித்துவிட்டாள். பக்கத்து மேசையில் யாரோ திரும்பிப் பார்த்தார்கள். சிரிப்பு அடங்கினதும் சொன்னாள், "நாளைக்கு உப்பில்லாம தனியா மாவு எடுத்து வெச்சு அவளுக்கு ரெண்டு ஊத்தி வெச்சுட்டுப் போறனுங்க. சர்க்கரைவள்ளிய விரல் நீளத்துக்கு வெட்டி வேக வெச்சாலும் புடிச்சுத் திம்பா. பக்கத்துலயே உக்காந்துக்கோணுங்க மாமா, எந்திரிக்கக் கூடாது."

"நாளைக்கா?"

"நாளைக்கு, நாளன்னைக்கு, அதுக்கப்புறமும். வேற ஆரு இருக்கறாங்க."

கீழ் பாதியில் போன் சாய்ந்து, முதல் தடவையாக அவிநாசியப்பனின் முழு முகமும் தெரிந்தது. சவரம் செய்யாத முகம். பின்னால் சுவரில் ஒரு சின்னத் தொட்டில் சாத்தி வைத்திருந்தது, புதிது, பிளாஸ்டிக் உறை பிரிக்காதது. மாசிலாமணி அதைப் பார்த்தார். இந்த ஆள் ராத்திரி முழுக்க என்ன யோசித்துக்கொண்டிருந்திருப்பார், எந்த அறையில் போடுவது என்று அளந்து பார்த்திருப்பாரா? அது தெரிய வேண்டும் போல இருந்தது அவருக்கு, ஏன் என்று தெரியவில்லை.

"அப்ப நாளைக்கு நான் வர்ல" என்றார் அவிநாசியப்பன்.

"வாங்க" என்றார் மாசிலாமணி. "எட்டரைக்கெல்லாம் வந்துருங்க. திங்கறதப் பாக்கோணுமில்ல."

அவிநாசியப்பன் தலையாட்டினார். தொண்டையைச் செருமினார். "சம்மந்தி, ஒண்ணு சொல்லோணுங்க. அன்னைக்குக் கோயில்லயே எனக்கு மனசுல பட்டுது" என்றார். மாசிலாமணி போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தார். சொல்லட்டும். கோகிலவாணியும் கேட்கிறாள், நல்லதுதான், ஒரு சாட்சி. "இவ நல்லாத் திங்கற புள்ளைன்னு அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சு போச்சுங்க" என்றார் அவிநாசியப்பன். "அந்தச் சர்க்கரைப் பொங்கலுக்கு எப்படிச் சப்புக்கொட்டுனா, நீங்களுந்தான் பாத்தீங்களே."

"நான் பாக்குல" என்றார் மாசிலாமணி.

"அப்படீங்களா" என்றார் அவிநாசியப்பன். கோகிலவாணிக்கு ஆபீசில் யாரோ கூப்பிட்டார்கள். திரை கருப்பானது.

அவர் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். நாளைக்கு எட்டரைக்கு வருவார், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டுவிடலாம், நான் எங்கே போயிருந்தேன் என்று உங்களுக்குத் தெரியுமா, கை கழுவப் போனவன் வருவான் என்று ஒரு நிமிஷம் இருந்தால் நேரம் எங்கே ஓடிவிடும் என்று. கேட்டால் உடனே சொல்லிவிடுவார், நல்ல மனுஷன் மாதிரி, அடடா தப்புங்க என்று. அது எதற்கு? கேட்டு வாங்கினால் அது வேறு. அவராக வந்து, தானாக நினைத்து, சொல்ல வேண்டும். அறுபத்தி நாலு முடிந்தாலும் உடம்பில் ஒரு குறையுமில்லை, காத்திருக்க அவரால் முடியும். தாரகை ஒரு துண்டை விரலுக்கும் விரலுக்கும் நடுவில் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள், காலையில் ஐந்து விரலாலும் அள்ளினவள், இப்போது இரண்டே விரல். அதை எப்போது கண்டுபிடித்தாள்? அவர் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார். சொல்லவே இல்லை அவிநாசியப்பன், இரண்டு மாதமாக, இன்றைக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தும் சொல்லவில்லை. நாளைக்கும் சொல்லாமல் இருந்து பார்க்கட்டும்.